மெட்டில்டாவின் பேரில்

வெரலுகஸ்தென்ன தோட்டம், கீழ்ப்பிரிவு,
எஹலியகொட.
7.11.1999

அன்புத் தங்கச்சி சரோனுக்கு,

மாதா துணையில் நீ சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா அப்படியேதான் கிடக்கிறார். நானும் கைகாலோடு இருக்கிறேன்.

உறையின் மேல் என் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே மட்டும்தான் நீ சரோன். வாசித்ததும் கிழித்து அடுப்பில் போடு.

பஸ்ஸில் நீ அழுததைப் பார்த்துவிட்டு வந்து நானும் அழுதேன். ஆனால் வேறு என்ன செய்வது? அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தபின் அவரைத் தூக்கித் திருப்ப உன்னால் முடியவில்லை. நீ தூக்கப் போய் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தது போதும். கண்டி மடத்துச் சிஸ்டர்மாரிடம் நோயாளி பராமரிப்புப் படித்தவள் நான். அதனால் நான் இங்கே, கொழும்பில் நோயாளி பார்க்க ஆள் அனுப்பும் ஏஜென்சியில் என் வேலைக்கு நீ அங்கே. உடனே வராவிட்டால் பேரை வெட்டுவோம் என்று ஏஜென்சி மேடம் தந்தி அடித்தாரே.

நம் தோட்டத்தில் இது புதிதா? அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அப்பா காய்ச்சலில் படுத்தால் அவர் பேரில் ரப்பர் பால் வெட்ட அம்மாதான் போவார். அம்மா உன்னைப் பெற்றுப் படுத்திருந்தபோது சித்தி அம்மா பேரில் போனார். இப்போது நான் விடிய எழும்பி அப்பா பேரில் ரப்பர் மரத்துக்குப் போகிறேன். நான் வரும்வரை நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சுப்பம்மா அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். பழனியாண்டிக் கங்காணிக்கு எல்லாம் தெரியும். "பேருக்கு ஒரு ஆளு நின்னா போதும் புள்ள. யாரு வெட்டுறான்னு மரத்துக்குத் தெரியவா போவுது?" என்கிறார்.

என் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள். நம் இரண்டு பேருக்கும் ஒரே முகம், படத்தைப் பார்த்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உன்னுடையது என் பெட்டியில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் பேர் கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதே. சிங்களத்தில் சட்டென்று சொல்லிவிடு. உன் எஹலியகொடச் சிங்களத்தைக் கேட்டால் அவர்களே போ என்று விட்டுவிடுவார்கள். உனக்கு இப்போது வயது இரண்டு கூடிவிட்டது, அதற்கேற்ற மாதிரி நட.

பாசமுள்ள அக்கா,
மெட்டில்டா


கொழும்பு.
21.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவின் கையைப் பிடித்து நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தி வந்தவள் இன்னும் கொஞ்சம் உயரம் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். "கமக் நே," பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, வெள்ளை உடுப்புக்கு அளவு கேட்டார். அவருக்குத் தெரியும் அக்கா. ஆள் கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

ஒபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு விதிகளை மாட்டியிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவரை மட்டுமே நோயாளி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பதிவு பெற்ற தாதி ஒருவர் வாரந்தோறும் வீட்டுக்கே வந்து மேற்பார்வை செய்வார். ஒருவர் விடுப்பில் போனால் பதில் ஆள் உடனே வருவார். முதல் விதியை வாசித்ததுமே மாட்டிக்கொள்வேன் என்று பட்டது. மேற்பார்வைத் தாதி யார் என்று கூட இருந்த பிள்ளைகளிடம் கேட்டேன். சிரிக்கிறார்கள். அவர் சவூதிக்குப் போய் எவ்வளவோ காலமாம். பேர் மட்டும் பலகையில் இருந்து வேலை பார்க்கிறது. நம் தோட்டத்திலாவது பேருக்கு ஒரு ஆள் நிற்கும்!

என்னைத் தெஹிவளையில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்கள். அப்துல் ரஸாக் முதலாளி. மாணிக்கக்கல் வியாபாரம். கல் வாங்க நம் ஊருக்குக் கிட்ட குருவிட்டப் பக்கம் அடிக்கடி போவாராம், அதனால் என் ஊரைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். அவருடைய மனைவி ஆய்ஷா உம்மாவுக்குத் தலையில் இரத்தம் கசிந்து கையும் காலும் பேச்சும் போய்விட்டது. ஐம்பதுகூட ஆகாத முகம். "வேலைக்காரி எத்தன பேரும் கெடப்பாங்க. படிச்ச புள்ளயா வேணும்னுதான் ஏஜென்சிக்குப் போனேன். ஒங்கள நம்பித்தான் மகள்," என்றார் முதலாளி.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. என்னென்ன செய்வது என்று விவரமாக எழுதுங்கள். கடிதம் எல்லாம் ஒபீசுக்கு வந்துதான் எனக்குக் கிடைக்கும்.

உங்கள் தங்கச்சி,
சரோன்


எஹலியகொட.
2.12.1999

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாணிக்கக்கல் வீடு என்றதும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

பயப்படாதே. அந்த அம்மாவை ஒரே பக்கமாகக் கிடக்க விடாதே, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடு. இடுப்பையும் குதிகாலையும் தினமும் பார். தோல் சிவந்திருந்தால் அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வை. வாயில் இருப்பது உள்ளே போனபின்தான் அடுத்த கரண்டி. வீட்டில் நீ ரொட்டி திணிக்கிற வேகம் அங்கே ஆகாது.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். ஊசி போடச் சொன்னால் போடாதே. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுக்கச் சொன்னால் தொடாதே. பக்கத்தில் ஒரு தாதி நின்றால்தான் நானே அந்த வேலையைச் செய்வேன். மெட்டில்டாவுக்குத் தெரிந்தது எல்லாம் உனக்குத் தெரியாது என்பதை மறந்துவிடாதே. மேற்பார்வைத் தாதியை அனுப்புங்கள், விதியில் இருக்கிறது என்று அடித்துச் சொல்.

நத்தாருக்கு நீ இல்லாமல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? இந்த முறை பாலன் குடில் கட்டப்போவதில்லை.

அக்கா,
மெட்டில்டா


கொழும்பு.
13.2.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவருக்காகவும் ஒவ்வொரு ஞாயிறும் வேண்டிக்கொள்கிறேன். பூசைக்குப் போக முதலாளி விடுகிறார். நல்ல மனிதர்.

நீங்கள் எழுதியபடிதான் எல்லாம் செய்கிறேன். புண் ஒன்றுகூட இல்லை என்று டொக்டர் வந்து பார்த்துவிட்டு மெச்சினார். "மெட்டில்டா மிஸ் வந்தாப் பொறகுதான் இவ மொகத்துல உசிரு வந்திச்சு," என்று முதலாளி சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. என்னைப் புகழ்கிறாரா உங்களைப் புகழ்கிறாரா?

ஆய்ஷா உம்மா பேசமாட்டார். ஆனால் நல்ல கையால் என் விரலைப் பிடித்து அழுத்துவார். ஒருமுறை அழுத்தினால் சரி, இரண்டு முறை என்றால் வேண்டாம். தலைசீவி விடும்போது அழுத்திக்கொண்டே இருப்பார். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் அவர் காதில், "எம் பேரு சரோனுங்க உம்மா," என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை அழுத்தினார். கோபிக்காதீர்கள் அக்கா. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மேற்பார்வைக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

தங்கச்சி,
சரோன்


எஹலியகொட.
12.3.2000

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். அந்த அம்மாவுக்குப் பேச்சு திரும்பினால் உன் கதி என்ன?

அப்பாவுக்கு இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. உன்னைத்தான் தேடுகிறார். வாசலில் சத்தம் கேட்டால் கண் அங்கே போகிறது. கூட எழுதினால் நீ அங்கே வேலையை விட்டுவிட்டு அழுவாய், அதனால் நிறுத்துகிறேன். ஒன்று மட்டும். நான் தந்தி அடித்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் புறப்பட்டு வா. பதில் ஆள் அனுப்புவது அவர்கள் பாடு.

அக்கா,
மெட்டில்டா


கொழும்பு.
3.4.2000

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா எப்படி? நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆய்ஷா உம்மாவுக்கு விழுங்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். போன வாரம் மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு தாதி மிஸ் எப்படி ஊற்றுவது என்று ஒருமுறை காட்டினார். நான் மேடத்துக்குப் போன் பண்ணி இது எனக்குச் செய்ய முடியாது, தாதியை அனுப்புங்கள் என்றேன். "உன் சேட்டிபிகேட்டில் குழாய்ச் சாப்பாடு என்று இருக்கிறதே. வீட்டுக்காரரிடமும் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன்," என்று வைத்துவிட்டார்.

நேற்று உம்மா இருமினார். ஒட்டியிருந்த பிளாஸ்டர் கழன்று குழாய் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. நான் திரும்ப உள்ளே தள்ளி ஒட்டிவிட்டேன். பிறகு கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். இருமினார், அப்புறம் அடங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா சார் என்று முதலாளியிடம் கேட்டேன். "நீங்க படிச்ச ஆள், நீங்க சொல்லுங்க மகள். போகணுமா?" என்றார். நான் என்ன சொல்வேன் அக்கா? தெரியாது என்றால், அப்போது நீ யார் என்று கேட்பார். "பரவாயில்ல சார்," என்றேன்.

குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்ட ஒபீசுக்குப் போன் பண்ணினால் யார் பேசுவது என்று பெரியகிளாக்கர் கேட்பார், எந்தப் பேரைச் சொல்வது? கடிதம் கண்டதும் பதில் எழுதுங்கள். அந்த நிமிடமே எழுதுங்கள்.

தங்கச்சி,
சரோன்


எஹலியகொட.
15.4.2000

சரோனுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

எட்டாம் தேதி காலையில் அப்பா போய்விட்டார். ஒன்பது மணிக்கே எஹலியகொடவுக்கு ஓடிப்போய்த் தந்தி அடித்தேன். "பஸ்ஸு இல்லாம இருக்கும், அந்திக்கு வந்துரும்," என்றார் சுப்பம்மா அக்கா. மறுநாளும் பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். பங்குச் சாமியார் வந்து மூடலாமா என்று மூன்று தரம் கேட்டார். பிறகு பழனியாண்டிக் கங்காணிதான், "போதும் புள்ள, ஒடம்பு தாங்காது," என்று மூடச் சொன்னார். அப்பாவுக்கு ஆண்பிள்ளையும் இல்லை, இளைய மகளும் இல்லை. முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன்.

கொழும்புச் சாப்பாடும் மின்விசிறியும் பழகிவிட்டதா? மிஸ் மிஸ் என்று கூப்பிட ஆள் இருக்கும்போது லயத்துக்கு எதற்கு வர வேண்டும்?

அடக்கம் முடிந்து வந்த அன்று உன் கடிதம் ஒன்று வந்து கிடந்தது. பிரிக்கவில்லை. என்ன சாக்கு எழுதியிருப்பாயோ, அதை வாசிக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆத்திரம் ஆறினால் பிரிப்பேன். ஆறும் என்று தோன்றவில்லை.

மெட்டில்டா


கொழும்பு.
21.4.2000, பெரிய வெள்ளி

அக்கா,

அப்பா இறந்தது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தந்தி மேடத்திடம் இருந்திருக்கிறது. கேட்டதற்கு, புதுவருடத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், உன்னையும் விட்டால் அந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது, புதுவருடம் முடிந்து சொல்லலாம் என்று இருந்தேன் என்கிறார். நான் கத்தினேன் அக்கா. சுவரில் இருந்த விதியைக் காட்டிக் கத்தினேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

ஆய்ஷா உம்மாவும் இல்லை. ஆறாம் தேதி காய்ச்சல் வந்தது. உங்கள் பதில் இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மூச்சு இழுக்கத் தொடங்கியபின் நானே கத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தேன். பன்னிரண்டாம் தேதி முடிந்தது. குழாய் வயிற்றில் இல்லை, சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று டொக்டர் சொன்னார்.

முதலாளி என்னை ஏசவில்லை. "நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்களே மகள்," என்று மட்டும் கேட்டார். அவர் தம்பிமார்தான் பொலிசுக்குப் போனார்கள். பயிற்சி பெற்ற ஆளைத்தான் அனுப்பினோம், தவறு அவளுடையது என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் இப்போது ஏஜென்சி விடுதியில் இருக்கிறேன். வெளியே போகக் கூடாதாம்.

அந்தக் கடிதத்தைப் பிரிக்காதீர்கள் அக்கா. இனி அது எதற்கு?

சரோன்


எஹலியகொட.
25.4.2000

என் தங்கமே,

பிரித்துவிட்டேன்.

வெளியே வந்த குழாயை உள்ளே தள்ளாதே, ஒன்றும் ஊற்றாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அதற்கு நான் எழுத வேண்டிய பதில் இவ்வளவுதான். கடிதத்தைப் பிரித்திருந்தால், அப்பாவை அடக்கம் செய்த அன்றே எஹலியகொடக் கடையிலிருந்து அந்த வீட்டுக்கு எப்படியாவது ஒரு போன் பண்ணியிருப்பேன். உன் மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கோபம் ஒரு உயிரைக் கொன்றுவிட்டது சரோன்.

நீ அழாதே. நான் வருகிறேன். மெட்டில்டா நான்தான், என் தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் அனுப்பினேன் என்று பொலிசில் சொல்கிறேன். அப்பாவும் இல்லை, இனி எனக்கு இங்கே என்ன வேலை? இந்தச் சனிக்கிழமை வருகிறேன்.

உன் அக்கா


(சிஸ்டர் கையில்)
கொழும்பு.
14.5.2000

அக்கா,

நல்லகாலம் அன்று நீங்கள் வந்தபோது விடுதிக்குள் விடவில்லை, நீங்களும் பொலிசுக்குப் போகாமல் திரும்பிவிட்டீர்கள். அதன்பிறகுதான் பொலிஸ் என்னைப் பிடித்துச் சிறையில் போட்டது. சிறைக்கு வந்து போகும் இந்த சிஸ்டர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இதை மட்டும் வேறு யாரும் வாசிக்கவில்லை.

நீங்கள் வரவே கூடாது. உங்கள் முகத்தைக் கொழும்பில் காட்டவே கூடாது. இங்கே என் பாயில் ஒரு ஹட்டன் பிள்ளை படுக்கிறாள். வேறொருத்தியின் அடையாள அட்டையோடு பிடிபட்டவள். வேலை தேடி வந்தவள்தான், என்னைப்போல. தமிழ்ப் பிள்ளை, கள்ள அட்டை, கொழும்பு. அவளைப் புலி என்று எழுதிவிட்டார்கள். வழக்கும் இல்லை, பிணையும் இல்லை, எப்போது விடுவார்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. இரவில் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்தால் அவளுக்கு நிற்க முடியாது.

எனக்குக் கவனக்குறைவு வழக்கு மட்டும்தான். மெட்டில்டாவாக இருந்தால் சில காலம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவேன். சரோன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் அந்தப் பிள்ளைதான். உங்களையும் சேர்த்து இழுப்பார்கள்.

என் அட்டை உங்கள் பெட்டியில் இருக்கிறதுதானே. அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ச.


(சிஸ்டர் கையில்)
எஹலியகொட.
4.6.2000

என் தங்கமே,

நீ சொன்னபடிதான். மனம் கேட்கவில்லை, ஆனாலும் நீ சொன்னபடிதான்.

போன செவ்வாய்க்கிழமை பொலிஸ் லயத்துக்கு வந்தது. மெட்டில்டாவின் வீடு எது, இவள் யார் என்று கேட்டார்கள். நான் உன் அட்டையை நீட்டினேன். பழனியாண்டிக் கங்காணி முன்னால் வந்து, "இது சின்னதுங்க, சரோன். பெரியதுதான் கொழும்புல," என்று சிங்களத்தில் சொன்னார். சுப்பம்மா அக்கா ஆமாம் என்றார். லயமே ஆமாம் என்றது. பிள்ளைகளுக்குக்கூட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே என்னைச் சரோன் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

தபாலில் வரும் கடிதங்களை அதிகாரிகள் வாசிப்பார்கள் என்று சிஸ்டர் சொன்னார். இனி எழுதும்போது நீதான் என் அக்கா மெட்டில்டா. நான் உன் தங்கை சரோன். தப்பித் தவறியும் மாறிவிடக் கூடாது.

கடைசியாக ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
மெட்டில்டா


வெரலுகஸ்தென்ன தோட்டம், கீழ்ப்பிரிவு,
எஹலியகொட.
5.11.2000

பெறுபவர்: செ. மெட்டில்டா
பெண்கள் பகுதி, சிறைச்சாலை, கொழும்பு.

அன்புள்ள மெட்டில்டா அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி? இருமல் குறைந்ததா? இரண்டு வருடம் என்று தீர்ப்பானதைச் சிஸ்டர் எழுதியிருந்தார். நன்றாகச் சாப்பிடுங்கள். எனக்காக மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லாரும் உங்களை விசாரித்தார்கள். போன ஞாயிறு பூசையில் சாமியார், சிறையில் இருக்கும் நம் சகோதரி மெட்டில்டாவுக்காக மன்றாடுவோம் என்றார். நானும் முழங்காலிட்டு மெட்டில்டாவுக்காக வேண்டிக்கொண்டேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அப்பாவின் பேரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் எனக்குப் பேர் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது. காது மந்தமா புள்ள என்று ஏசுவார். இப்போது சரோன் என்று ஒருமுறை கூப்பிட்டாலே திரும்பிவிடுகிறேன்.

டிஸ்பென்சரிக்கு நோயாளி பராமரிப்புப் படித்த ஒரு பிள்ளை வேண்டுமாம். புது டிஸ்பென்சர் ஐயா லயத்துக்கு வந்து விசாரித்தார். எங்கள் அக்காதான் படித்தவள், அவள் இங்கே இல்லை என்றேன். உனக்கு ஒன்றும் தெரியாதா என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கி மெழுகுதிரி ஏற்றினேன். "அப்பா, நான் வந்திருக்கேன்," என்றேன். எந்த மகள் என்று அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
சரோன்